படையும் நம்பிக்கையும்: சமயத் தீவிரவாதத்திற்கு எதிரான போர் நடவடிக்கையின் நியாயம் குறித்து, மராவி நகரை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

2017ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், தென் பிலிப்பைன்ஸின் மிண்டனாவ் தீவிலுள்ள மராவி நகரில், ஒருவரைக் கைது செய்வதற்காக அரசுப் படையினர் ஒரு வீட்டை நெருங்கினர். அவர், அபு சயாப் குழுவின் ஒரு பிரிவுக்குத் தலைவராக இருந்தவரும், ஐ.எஸ். அமைப்பின் தலைமைக்கு 2014இல் உறுதிமொழி அளித்தவருமான இஸ்னிலோன் ஹபிலோன். சிறு நடவடிக்கையாகத் தொடங்கிய அது சில மணி நேரத்திற்குள் ஒரு நகரத்தின் போராக மாறியது. ஹபிலோனைக் காத்து நின்ற மௌத்தே குழுவினர் தெருக்களைக் கைப்பற்றினர்; சிறைக் கதவுகளைத் திறந்தனர்; தேவாலயத்திற்கும் கல்விக்கூடத்திற்கும் தீயிட்டனர்; பாதிரியார் ஒருவரையும் பிற கிறித்தவர்களையும் பணயமாகப் பிடித்தனர். அந்நகரை முழுமையாக மீட்க அரசுப் படைக்கு ஐந்து மாதங்கள் தேவைப்பட்டன. அவ்வாண்டு அக்டோபர் 23ஆம் நாள் போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்டபோது, நகரின் நடுப்பகுதி கற்குவியலாகக் கிடந்தது.

அப்போரில் மாண்டவர்களுள் ஒருவர் மலேசியரான மஹ்மூட் அஹ்மாட். அவர் கோலாலம்பூரிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் இசுலாமியக் கல்வித் துறை விரிவுரையாளராகப் பணியாற்றியவர். மராவியைக் கைப்பற்றும் திட்டத்திற்கு நிதியும் ஆளும் திரட்டியவர்களுள் முதன்மையானவராக அவர் அறியப்படுகிறார். வறுமையும் கல்வியின்மையுமே தீவிரவாதத்தின் வேர் என்று வகுப்பறையில் எளிதாகச் சொல்லிச் செல்பவர்களை இச்செய்தி சற்று நிறுத்திச் சிந்திக்கச் செய்ய வேண்டும். நாம் நிற்கின்ற அதே வகையான மேடையில் நின்று பாடம் சொன்ன ஒருவர், பின்னர் ஒரு நகரத்தின் அழிவில் பங்கேற்றார்.

உலகளாவிய சமயத் தீவிரவாதத்தைப் படைவலிமையால் எதிர்கொள்வது நியாயமா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. அவ்வினா பொதுநிலையில் கேட்கப்படும்போது, 'ஆம்' என்பாரும் 'இல்லை' என்பாரும் தத்தம் உணர்வின் வழியே விடை கூறிப் பிரிந்துவிடுகின்றனர். எனவே, நமக்கு அண்மையிலுள்ள மராவியை முதன்மைச் சான்றாகவும், இந்தோனேசியாவையும் ஈராக்கையும் ஒப்பீட்டுச் சான்றுகளாகவும் கொண்டு இவ்வினா இங்கு அணுகப்படுகிறது.

சொற்களை வரையறுத்தல்

தீவிரவாதம், பயங்கரவாதம் ஆகிய இரு சொற்களும் நாளிதழ்களில் ஒரே பொருளில் ஆளப்படுகின்றன. ஆயின், இவ்வாய்வுக்கு இரண்டையும் வேறுபடுத்திக் காண்பது இன்றியமையாததாகும். தீவிரவாதம் என்பது ஒரு மனநிலை. தன் கொள்கை ஒன்றே மெய், மாற்றுக் கொள்கையுடையார்க்கு வாழும் உரிமை இல்லை எனக் கருதும் நம்பிக்கை. பயங்கரவாதம் என்பது ஒரு செயல்; பொதுமக்களைக் கொன்றும் அச்சுறுத்தியும் தன் நோக்கத்தை அடைய முற்படும் வன்முறை. முன்னது நெஞ்சில் வாழ்வது. பின்னது நிலத்தில் நிகழ்வது.

படை என்பது நிலத்தில் இயங்குவது. அதனால் ஓர் ஊரை மீட்க இயலும். ஓர் ஆயுதக் கிடங்கை அழிக்க இயலும். பணயமாகப் பிடிக்கப்பட்டோரை விடுவிக்க இயலும். ஒரு நம்பிக்கையை அதனால் சுட இயலாது. ஆதலின், 'தீவிரவாதத்தின் மீது போர்' என்னும் தொடரே தன்னுள் ஒரு குழப்பத்தைக் கொண்டுள்ளது எனலாம். இலக்கு எதுவெனத் தெளியாத போருக்கு முடிவும் தெளிவாக அமைவதில்லை.

தீவிரவாதம் ஒரு சமயத்திற்கு மட்டும் உரியதன்று என்பதையும் இங்குச் சுட்டுதல் வேண்டும். 1995ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் தோக்கியோ நகரின் சுரங்க இரயில்களில் சாரின் நச்சு வாயுவைப் பரப்பியது ஓம் ஷின்ரிக்கியோ என்னும் புதிய சமயக் குழுவாகும். ஜப்பானிய அரசு அக்குழுவின் மீது படையெடுக்கவில்லை. காவல்துறையும் நீதிமன்றமுமே அதனைக் கையாண்டன. மராவியிலும், தீவிரவாதிகளால் முதலில் வீடிழந்தோர் மரனாவ் இன முசுலிம்களே ஆவர். அந்நகரின் முசுலிம் குடும்பங்கள் பல, கிறித்தவ அண்டை வீட்டாரையும் பணியாளரையும் தம் வீடுகளில் மறைத்துக் காத்தன. முன்னாள் துணை ஆளுநர் நொரோடின் அலோந்தோ லுக்மான் தம் இல்லத்தில் தஞ்சமளித்த கிறித்தவர் பலரைத் துப்பாக்கிகளுக்கு இடையே தாமே நடத்தி வெளியே கொண்டுவந்தார். சமயத்தையும் தீவிரவாதத்தையும் ஒன்றாக எண்ணுவோர்க்கு இந்நிகழ்வே போதிய மறுமொழியாகும்.

போர் நியாயத்தின் அளவைகள்

போர் எப்போது நியாயமாகும் என்னும் சிந்தனை எல்லாப் பண்பாடுகளிலும் உண்டு. மேலைக் கிறித்தவ மரபில் அகஸ்தீனும் தாமஸ் அக்குவினாசும் இதனை விரித்துரைத்தனர். இசுலாமிய மரபில், முதல் கலீபாவான அபூபக்கர் தம் படைக்கு இட்ட கட்டளைகள் போற்றப்படுகின்றன. பெண்டிர், சிறார், முதியோரைக் கொல்லலாகாது என்பதும் கனிதரும் மரங்களை வெட்டலாகாது என்பதும் அவற்றுள் அடங்கும். தமிழ் மரபில், பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்று ஒன்பதாம் பாடல் நாம் நன்கறிந்ததே. போர் தொடங்குமுன் ஆநிரை, அந்தணர், பெண்டிர், பிணியுடையோர், மகப்பேறற்றோர் ஆகியோரைப் பாதுகாப்பான இடம் செல்லுமாறு முன்னறிவிக்கும் அறத்தை அப்பாடல் காட்டுகிறது. இன்றைய அனைத்துலகச் சட்டம் வலியுறுத்தும், போரிடுவோரையும் போரிடாதாரையும் பிரித்தறியும் கடமையின் ஒரு பழைய வடிவமாக இதனைக் கொள்ளலாம்.

செங்கோன்மை அதிகாரத்தின் இறுதிக் குறள், கொலையிற் கொடியாரை அரசன் தண்டித்தலைப் பயிரிடையே களைபறித்தலுக்கு ஒப்பிடுகிறது. வன்முறையாளரை ஒறுக்க அரசுக்கு உரிமை உண்டென்பதற்கு இக்குறளை எடுத்துக்காட்டுவோர் பலர். அவ்வுவமையின் மறுபாதியையும் நாம் கருத வேண்டும். களைபறிப்பவன் பயிரைக் காக்கவே களத்தில் இறங்குகிறான். எது களை, எது பயிர் என்று அறிந்தே கை வைக்கிறான். களை மிகுந்ததென்று வயலுக்குத் தீயிடுபவனை உழவன் என்று எவரும் கூறார்.

இம்மரபுகளையும் அனைத்துலகச் சட்டத்தின் போக்கையும் கருத்திற்கொண்டு, சமயத் தீவிரவாதக் குழுக்களுக்கு எதிரான படை நடவடிக்கையை அளந்தறிய நான்கு வினாக்களை இக்கட்டுரை முன்வைக்கிறது. முதலாவது, அக்குழு நிலத்தையும் மக்களையும் ஆயுத வலிமையால் தன் பிடியில் வைத்துள்ளதா? இரண்டாவது, காவல்துறை, நீதிமன்றம், பேச்சுவார்த்தை ஆகிய வழிகளால் அப்பிடியைத் தளர்த்த இயலாதா? மூன்றாவது, நடவடிக்கையால் விளையும் கேடு, அது தடுக்கும் கேட்டினும் குறைந்ததா? பொதுமக்களைப் பிரித்தறிந்து காக்கும் ஏற்பாடு உள்ளதா? நான்காவது, போருக்குப் பின் அம்மக்களின் வாழ்வை மீட்டெடுக்கும் பொறுப்பைப் படை செலுத்திய அரசு ஏற்கிறதா?

மராவி: படை தேவைப்பட்ட இடம்

மராவியைப் பொறுத்தவரை முதலிரு வினாக்களுக்கும் விடை தெளிவானதே. மௌத்தே குழுவினர் ஒரு நகரையே தம் பிடியில் வைத்திருந்தனர். சிறைபிடிக்கப்பட்டோர் கட்டாயப் பணி செய்விக்கப்பட்டனர்; சமயத்தின் பெயரால் சிலர் கொல்லப்பட்டனர். அத்தகைய நிலையில் கைது ஆணையோடு ஒரு காவலரை அனுப்ப இயலாது. படை செல்லாதிருந்தால் அம்மக்கள் கைவிடப்பட்டிருப்பர். கைவிடுதலும் ஒரு செயலே. அதற்கும் அறப்பொறுப்பு உண்டு. எந்நிலையிலும் படை கூடாது என்னும் தூய அகிம்சைக் கொள்கையை மதிக்கும் இக்கட்டுரையாளர், பிறர் உயிரைப் பணயமாக வைத்து அக்கொள்கையைக் கடைப்பிடிக்க நமக்கு உரிமையில்லை என்றே கருதுகிறார்.

மூன்றாம் வினாவுக்கு விடை அத்துணை எளிதன்று. அப்போரில் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆயுதமேந்திய குழுவினர். அரசுப் படையினர் 160க்கும் மேற்பட்டோர். பொதுமக்களும் உயிரிழந்தனர். நகரிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் மூன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். அடர்ந்த கட்டடங்களுக்கிடையே பதுங்கியிருந்த எதிரிகளை வெளியேற்ற வான்குண்டு வீச்சு பெருமளவில் பயன்படுத்தப்பட்டது. மே 31ஆம் நாள் இலக்குத் தவறிய ஒரு குண்டுக்குச் சொந்தப் படைவீரர்களே பலர் இரையாயினர். அனைத்துலக மன்னிப்புச் சபை அவ்வாண்டு நவம்பரில் வெளியிட்ட அறிக்கை, தீவிரவாதிகளின் கொடுஞ்செயல்களோடு, பிடிபட்டோரைப் படையினர் துன்புறுத்தியதையும் வீடுகளில் பொருள்கள் சூறையாடப்பட்டதையும் பதிவு செய்தது.

இதற்கு மாறான ஒரு காட்சியும் அப்போரில் உண்டு. பல்லாண்டுக் காலம் அரசோடு போரிட்டு, 2014ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் அமைதி உடன்பாட்டில் கையொப்பமிட்ட மோரோ இசுலாமிய விடுதலை முன்னணி, 2017 சூன் மாதத்தில் அரசோடு இணைந்து 'அமைதி வழித்தடம்' ஒன்றைத் திறந்தது. சிக்கித் தவித்த பொதுமக்கள் பலர் அவ்வழியே மீட்கப்பட்டனர். மலேசியா இடைநின்று நடத்திய பேச்சுவார்த்தையின் பயனாக உருவானதே அவ்வமைதி உடன்பாடு. முன்னாளில் தீவிரவாதிகள் எனப் பேசப்பட்டவர்களே மக்களைக் காப்பாற்றும் துணைவர்களாயினர். துப்பாக்கியால் பெற முடியாத ஒரு துணையை மேசையின் முன் அமர்ந்து பெற்றிருந்ததனால் விளைந்த நன்மை இது.

நான்காம் வினாவில்தான் மராவியின் பெருங்குறை வெளிப்படுகிறது. போரால் பெரிதும் அழிந்த 24 பாராங்காய்களில் வாழ்ந்தோர், அதாவது நகரின் நடுப்பகுதியினர், தம் வீட்டு மண்ணை மிதிக்கவே ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. போரால் பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்கும் சட்டம் 2022ஆம் ஆண்டில்தான், போர் முடிந்து நான்கு ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே, கையெழுத்தானது. மாற்றுக் குடியிருப்பில் ஆண்டுகளைக் கழித்த ஒரு மரனாவ் இளைஞனுக்குத் தன் நகரை அழித்தவர் யார் என்னும் வினாவுக்கு விடை எளிதாகத் தோன்றாது. தீயிட்டவனையும் குண்டு வீசியவனையும் அவன் ஒருசேர நினைவில் வைத்திருப்பான். அடுத்த தலைமுறைத் தீவிரவாதம் அந்நினைவைத்தான் தேடி வருகிறது.

நிலம் மீண்டது, நம்பிக்கை அழியவில்லை என்பதற்கும் அந்நகரே சான்று. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், மராவியிலுள்ள மிண்டனாவ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் கத்தோலிக்கத் திருப்பலி நடந்துகொண்டிருந்தபோது குண்டு வெடித்து நால்வர் மாண்டனர். ஐ.எஸ். அமைப்பு அதற்குப் பொறுப்பேற்றது. ஹபிலோனும் ஓமார் மௌத்தேயும் 2017 அக்டோபர் 16ஆம் நாளே கொல்லப்பட்டிருந்தனர். தலைவர்கள் மாண்டு ஆறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் கொள்கை ஆள் தேடிக்கொண்டது.

படை தேவைப்படாத இடம்: ஜமா இஸ்லாமியா

நிலத்தைப் பிடித்து வைக்காமல் மறைந்து இயங்கும் குழுக்களை எதிர்கொள்ளப் படை ஏற்ற கருவியா என்பதை அறிய ஜமா இஸ்லாமியாவின் வரலாறு துணைபுரிகிறது. அதன் நிறுவனரான அப்துல்லா சுங்காரும், பின்னர் தலைமையேற்ற அபுபக்கார் பஷீரும் 1980களின் நடுப்பகுதியிலிருந்து பல்லாண்டுகள் மலேசியாவில் வாழ்ந்தவர்கள். 2002ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் பாலித் தீவில் அவ்வமைப்பினர் நடத்திய குண்டு வெடிப்பில் 202 பேர் மாண்டனர். சிங்கப்பூரில் தாக்குதல் நடத்த அவ்வமைப்பு தீட்டிய திட்டம் 2001 டிசம்பரில் நடைபெற்ற கைதுகளால் தடுக்கப்பட்டது.

இவ்வமைப்பை இந்தோனேசிய அரசு எதிர்கொண்ட முறை கருதத்தக்கது. எந்த ஊரின் மீதும் வான்குண்டு வீசப்படவில்லை. 2003இல் உருவாக்கப்பட்ட காவல்துறைச் சிறப்புப் பிரிவு உறுப்பினர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தது. பாலிக் குண்டு வெடிப்பை நடத்தியோர் திறந்த நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டனர். அமைப்பின் உயர்நிலைப் பொறுப்பிலிருந்த நாசிர் அபாஸ் என்னும் மலேசியர் 2003இல் கைதானபின், பொதுமக்களைக் கொல்வது தம் சமயத்திற்கு முரணானது என வெளிப்படையாகக் கூறிக் காவல்துறைக்குத் துணைநின்றார். சிங்கப்பூரில் 2003இல் தொடங்கப்பட்ட சமய மறுவாழ்வுக் குழுவில், இசுலாமிய அறிஞர்கள் தடுப்புக் காவலில் இருந்தோரைச் சந்தித்து, அவர்கள் பிழைபடக் கொண்ட சமயக் கருத்துகளைச் சமய நூல்களைக்கொண்டே தெளிவித்தனர்.

இவ்வழி குறையற்றதன்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் விசாரணையின்றித் தடுத்துவைக்கும் சட்டங்கள் இதற்குப் பயன்படுத்தப்பட்டன. அத்தகைய சட்டம் அரசியல் எதிர்ப்பாளர் மீதும் பாயக்கூடும் என்னும் அச்சம் நியாயமானதே; மலேசியாவில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டதற்கு அத்தகைய பொதுமக்கள் எதிர்ப்பும் ஒரு காரணமாகும். இருப்பினும், இந்நெடும் முயற்சியின் விளைவை மறுத்தல் இயலாது. 2024ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள், அமைப்பின் மூத்த தலைவர்கள் ஒன்றுகூடி ஜமா இஸ்லாமியாவைக் கலைப்பதாக அறிவித்தனர். ஒவ்வோர் உறுப்பினரும் மனம் மாறினர் எனக் கொள்ளுதல் மிகையாகும். எனினும், தென்கிழக்காசியாவை அச்சுறுத்திய ஓர் அமைப்பு ஒரு நகரத்தையும் இடிக்காமல் முடிவுக்கு வந்தது என்பது வரலாற்று உண்மையாகும்.

படையே விதைத்த இடம்: ஈராக்

படை நடவடிக்கை எவ்வாறு தீவிரவாதத்தையே வளர்க்கக்கூடும் என்பதற்கு ஈராக் சான்றாகிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், அல்காயிதாவின் பயிற்சி முகாம்கள் ஆப்கானிஸ்தானில் இருந்தமையால் அங்குத் தொடங்கிய போருக்கு ஒரு நேரடி அடிப்படை இருந்தது. ஈராக்கிற்கு அவ்வடிப்படை இல்லை. அல்காயிதாவுடன் தொடர்பு, பேரழிவு ஆயுதங்கள் ஆகிய இரு குற்றச்சாட்டுகளின் பேரில் 2003 மார்ச் மாதம் அந்நாட்டின் மீது படையெடுக்கப்பட்டது. பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவில்லை. இரு தரப்பும் கூட்டாகச் செயல்பட்டமைக்குச் சான்றில்லை என அமெரிக்காவின் செப்டம்பர் 11 விசாரணை ஆணையமே 2004இல் அறிவித்தது. முதல் வினாவிலேயே தோற்றுவிட்ட போர் அது.

அடுத்து நிகழ்ந்தவை அதனினும் கேடானவை. 2003 மே மாதம் ஈராக்கிய இராணுவம் கலைக்கப்பட்டது. ஆயுதப் பயிற்சி பெற்ற இலட்சக்கணக்கானோர் ஒரே ஆணையால் வேலையிழந்தனர். அபு கிரைப் சிறையில் கைதிகள் இழிவுபடுத்தப்பட்ட படங்கள் 2004இல் உலகெங்கும் பரவின. ஐ.எஸ். அமைப்பின் தலைவராகப் பின்னர் உருவெடுத்த அபு பக்கர் அல்-பாக்தாதி 2004இல் அமெரிக்கப் படையின் தடுப்பு முகாமில் இருந்தவர். கலைக்கப்பட்ட இராணுவத்தின் அதிகாரிகள் பலர் அவ்வமைப்பின் போர்த்திறனுக்கு வலுவூட்டினர். முன்பு அந்நாட்டில் வேரூன்றாத ஒரு கொடுமைக்கு, அதனை ஒழிப்பதாகக் கூறி நடத்தப்பட்ட போரே நிலம் பண்படுத்தித் தந்தது.

எனினும், வரலாறு அங்கு முடியவில்லை. 2014 சூன் மாதம் மோசுல் நகரம் ஐ.எஸ். பிடியில் வீழ்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் சிஞ்சார் பகுதியில் யசீதி மக்கள் மீது அவ்வமைப்பு பாய்ந்தது, ஆடவர் கொல்லப்பட்டனர், பெண்டிரும் சிறுமியரும் அடிமைகளாக விற்கப்பட்டனர். அப்போது படை செல்லுதல் நியாயமா என்று கேட்டால், 2003ஆம் ஆண்டின் படையெடுப்பைக் கண்டித்தவர்களும் 'ஆம்' என்றே கூற நேரும். 2015 நவம்பரில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய 2249ஆம் தீர்மானம், இயன்ற உறுப்பு நாடுகள் தேவையான எல்லா நடவடிக்கைகளையும் மேற்கொள்ளுமாறு அழைப்பு விடுத்தது. மோசுலை மீட்க 2016 அக்டோபர் முதல் 2017 சூலை வரை ஆயிற்று. 2017 மார்ச் 17ஆம் நாள் அந்நகரின் ஒரு குடியிருப்பின் மீது நிகழ்ந்த வான்தாக்குதலில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டதை அமெரிக்க இராணுவமே ஒப்புக்கொண்டது.

ஆக, ஒரே நாட்டில் பதினோராண்டு இடைவெளியில் ஒரு போர் நியாயமற்றதாகவும் மற்றொரு போர் தவிர்க்கவியலாததாகவும் அமைந்தன. இரண்டும் 'தீவிரவாதத்திற்கு எதிரான போர்' என்னும் ஒரே பெயரைத் தாங்கின. பெயரைக்கொண்டு நியாயத்தை அளக்கலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எதிர்வாதங்களும் மறுமொழியும்

இம்முடிவுக்கு இரு திசையிலிருந்தும் மறுப்பு எழலாம். நிலத்தைப் பிடிக்கும்வரை காத்திருப்பதேன், குழு வளரும்போதே படையால் நசுக்கினால் மராவியைத் தவிர்த்திருக்கலாமே என்பது ஒன்று. இதற்கு விடையாக மமசாபானோ நிகழ்வைக் கூறலாம். 2015 சனவரி 25ஆம் நாள், மர்வான் என்னும் புனைபெயர் கொண்ட மலேசியரைப் பிடிக்க மிண்டனாவின் மமசாபானோ ஊரில் நடத்தப்பட்ட அதிரடி நடவடிக்கையில், அவரோடு 44 காவல்துறைச் சிறப்புப் படையினரும், மோரோ முன்னணி வீரர்களும், பொதுமக்கள் சிலரும் மாண்டனர். அதனால் எழுந்த சினத்தில் மோரோ மக்களுக்குத் தன்னாட்சி வழங்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் முடங்கியது. அமைதிவழியால் பயனில்லை என்று இளைஞரிடம் கூறித் திரிந்த மௌத்தே குழுவினர்க்கு அம்முடக்கமே பரப்புரையாயிற்று என ஆய்வாளர் பலர் கருதுவர். ஒரு மனிதரை வென்ற நடவடிக்கை ஒரு தலைமுறையின் நம்பிக்கையை இழந்தது.

அநீதியே தீவிரவாதத்தைப் பிறப்பிக்கிறது, அநீதியை நீக்கினால் படைக்கு வேலையில்லை என்பது மற்றொன்று. இதில் பேருண்மை உண்டு. 2019இல் நடந்த பொதுவாக்கெடுப்பின் வழி பங்சாமோரோ தன்னாட்சிப் பகுதி அமைந்ததும், முன்னாள் போராளிகளே அதன் ஆட்சிப் பொறுப்பை ஏற்றதும், எத்துணைக் குண்டுகளாலும் அடைய முடியாத பயன்களாகும். ஆயினும், இது முழுவிடை ஆகாது. மஹ்மூட் அஹ்மாட் எவ்வகை அநீதியால் மராவிக்குச் சென்றார்? அவருக்குக் கல்வி இருந்தது, பணி இருந்தது, சமூக மதிப்பு இருந்தது. அநீதி பலரைத் தீவிரவாதத்தின் வாயிலுக்குக் கொண்டுவருகிறது. உள்ளே அழைத்துச் செல்வது ஒரு கருத்து. அக்கருத்தைக் கருத்தால் எதிர்கொள்ளும் கடமை படைக்கும் உரியதன்று. பொருளாதாரத் திட்டத்திற்கும் முழுமையாக உரியதன்று. அது கற்றோர்க்கும் கற்பிப்போர்க்கும் உரியது.

வகுப்பறையில் இப்பொருள்

நன்னெறிக் கல்வியிலும் வாதக் கட்டுரைப் பயிற்சியிலும் போரும் அமைதியும் அடிக்கடி இடம்பெறும் தலைப்புகள். 'போர் வேண்டாம்' என்னும் வாசகத்தோடு மாணவர் கட்டுரையை முடித்துவிடுகின்றனர். நாமும் புள்ளிகள் வழங்கிவிடுகின்றோம். மராவியில் பணயமாக இருந்தவரின் இடத்திலும், வீடிழந்த மரனாவ் குடும்பத்தின் இடத்திலும், சுடுமாறு பணிக்கப்பட்ட இளம் படைவீரனின் இடத்திலும் மாணவரை நிறுத்தி எழுதச் சொன்னால், அவர்தம் சிந்தனை ஆழப்படும். தன் கொள்கைக்கு மாறான ஒருவரின் துன்பத்தைத் தன் சொற்களில் எழுதப் பழகிய மாணவனிடம், மாற்றாருக்கு வாழும் உரிமையில்லை என்னும் கருத்து எளிதில் வேரூன்றாது.

முடிவுரை

சமயத் தீவிரவாதத்தின் மீது போர் தொடுப்பது நியாயமா என்னும் வினாவுக்கு இவ்வாய்வு தரும் விடை பின்வருமாறு: ஆயுதமேந்திய ஒரு குழு மக்களையும் நிலத்தையும் பிடித்துவைத்து, வேறு வழியால் அவர்களை மீட்க இயலாதபோது, அம்மக்களைக் காக்கும் அளவுக்குப் படை நடவடிக்கை நியாயமானதே. அந்நியாயம் நிபந்தனைக்கு உட்பட்டது. போரிடாதாரைக் காக்கத் தவறினால் அது குறைகிறது. இடிந்த நகரை எடுத்துக்கட்டத் தவறினால் மேலும் குறைகிறது. மறைந்து இயங்கும் வலையமைப்புக்கு எதிராகக் காவல்துறையும் நீதிமன்றமும் அறிவார்ந்த சமய உரையாடலுமே உரிய கருவிகள். ஒரு நம்பிக்கையை ஒழிப்பதற்கென்று நடத்தப்படும் போருக்கு நியாயமும் இல்லை, வெற்றியும் இல்லை. ஆப்கானிஸ்தானில் இருபது ஆண்டுகள் நீடித்த போர், 2021 ஆகஸ்டு 15ஆம் நாள் காபூல் நகரம் தாலிபான் கையில் மீண்டும் வீழ்ந்ததோடு முடிவுற்றமை இதனை நினைவூட்டும்.

வலியறிதல் அதிகாரத்தின் முதற்குறள், செயலின் வலிமை, தன் வலிமை, மாற்றான் வலிமை, துணைவரின் வலிமை ஆகிய நான்கையும் சீர்தூக்கிச் செயற்படுமாறு அரசனுக்கு அறிவுறுத்துகிறது. தீவிரவாதத்தை எதிர்கொள்ளும் அரசுகள் தம் வலிமையையும் மாற்றானின் வலிமையையும் கணக்கிடுவதில் குறை வைப்பதில்லை. துணைவரின் வலிமையைத்தான் மறந்துவிடுகின்றன. மராவியில் அண்டை வீட்டாரை மறைத்துக் காத்த முசுலிம் குடும்பங்களும், அமைதி வழித்தடம் திறந்த முன்னாள் போராளிகளும், தடுப்புக் காவலில் இருந்தோரோடு பொறுமையாக உரையாடிய சமய அறிஞர்களும் அத்துணைவர் ஆவர். அவர்களைப் பகைவராக்காத படை நடவடிக்கையே நியாயம் என்னும் சொல்லுக்கு உரியதாகும்.